தொப்பியா, சப்பாத்தா?

எங்கள் பழைய வீட்டின் கூரையைத் திருத்தவேண்டி வந்தபோது, மூத்தவாப்பாவின் அலுமாரிக்கு மேலிருந்த தகரப்பெட்டியை இறக்கினோம். உள்ளே ஒரு காவின் கடதாசி, கறையான் தொட்ட இரண்டு காணி உறுதிகள், ஒரு கல்யாணப் புகைப்படம். எல்லாவற்றுக்கும் அடியில், மெல்லிய தாளில் சுற்றிய ஒரு சிவப்புத் தொப்பி. குஞ்சத்தில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. படத்தில் மாப்பிள்ளையாக நிற்கும் மூத்தவாப்பாவின் தலையில் இருப்பதும் அதே தொப்பிதான்.

என் பேரன் அதைத் தலையில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்த் தொப்பி?" என்று கேட்டான்.

"துருக்கித் தொப்பி மகன்" என்றேன்.

"அப்ப துருக்கியில எல்லாரும் இதத்தான் போடுறாங்களா?"

"இல்ல. இதப் போடக்கூடாதென்டு அங்க ஒரு சட்டமே வந்தது."

அவன் நம்பவில்லை. நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். தொப்பியின் உட்பக்கத் தோல்பட்டியைப் புரட்டிக் காட்டினேன். மங்கிப்போன பொன்னிற எழுத்துகளில் செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுடைய குழப்பம் இன்னும் கூடியது. உண்மையில் எனக்கும் அன்றுதான் அந்தத் தொப்பியின் கதையை முழுதாகத் தேடிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. நமது சமூகத்தின் தலையில் ஏறத்தாழ நூறு வருடங்கள் இருந்த ஒரு பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

மொரோக்கோவிலே 'பாஸ்' என்று ஒரு பழம்பெரும் நகரம் உண்டு. ஐரோப்பியர் அதை 'பெஸ்' என்பர். தொப்பிக்குத் துருக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் பெயர் அந்த நகரத்தின் பெயரே. எகிப்திலும் சிரியாவிலும் அதற்குத் தர்பூஷ் என்று பெயர். வட ஆபிரிக்கக் கரையில், குறிப்பாகத் துனிஸ் நகரில், கம்பளி நூலில் பின்னிச் சிவப்புச் சாயம் தோய்த்த தொப்பிகளைச் செய்யும் தொழில் நெடுங்காலமாக நடந்து வந்தது. அதைத் துருக்கியின் தலையில் வைத்தவர் ஒஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத்.

1826இல் அவர் பழைய ஜானிஸாரிப் படையை அடியோடு கலைத்துவிட்டுப் புதிய படையொன்றை அமைத்தார். புதிய சீருடைக்குப் புதிய தொப்பி வேண்டியிருந்தது. தொழும்போது நெற்றி தரையில் படவேண்டும். ஆகவே ஐரோப்பியப் படைத்தொப்பி போல முன்விளிம்பு இருக்கக்கூடாது. சிவப்புத் தொப்பி அதற்குப் பொருந்தி வந்தது. 1829இல் அரசாங்க உத்தியோகத்தர் அனைவரும் அதையே அணியவேண்டும் என்று சுல்தான் ஆணை பிறப்பித்தார். உலமாக்களுக்கு மாத்திரம் தலைப்பாகைக்கு அனுமதி இருந்தது.

இன்று நாம் எளிதில் விளங்கிக்கொள்ளமுடியாத ஒன்று இதில் இருக்கிறது. அதற்கு முன்னர் ஒஸ்மானிய நாட்டில் ஒருவருடைய தலைப்பாகையின் அளவையும் நிறத்தையும் கட்டையும் பார்த்தே அவர் முஸ்லிமா, கிறிஸ்தவரா, யூதரா, என்ன பதவியில் உள்ளவர் என்று சொல்லிவிடலாம். இஸ்தான்புல் மையவாடிகளில் மீஸான் கற்களிலேகூட இறந்தவரின் தலைப்பாகையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தச் சிவப்புத் தொப்பியோ எல்லா மதத்து உத்தியோகத்தருக்கும் ஒன்றுதான். அதாவது, பிற்காலத்தில் உலகமெங்கும் முஸ்லிமின் அடையாளம் என்று கருதப்பட்ட இத்தொப்பி, முஸ்லிமையும் முஸ்லிமல்லாதவரையும் பிரித்துக் காட்டாமல் இருப்பதற்காகவே சட்டத்தால் கொண்டுவரப்பட்டது! 1829க்குப் பிந்திய மீஸான் கற்களில் தலைப்பாகைக்குப் பதிலாகத் தொப்பி செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

இத்தனை இலட்சம் தலைகளுக்கும் தொப்பி செய்வது யார்? இஸ்தான்புல்லில் அரசாங்கமே ஒரு தொழிற்சாலையை நிறுவியது. ஆனால் அது போதவில்லை. ஐரோப்பாவின் நடுவே, அன்றைய ஒஸ்திரியப் பேரரசின் பொஹேமியா மாகாணத்தில் ஸ்ட்ரகோனிட்சே என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த கிறிஸ்தவ, யூதக் கைத்தொழிலாளர் கம்பளியை அமுக்கிச் சாயமிட்டு, குஞ்சம் கட்டிக் கிழக்கு நாடுகளுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். 1918இல் அந்தப் பேரரசு உடைந்து அப்பகுதி செக்கோஸ்லோவாக்கியா ஆயிற்று. மூத்தவாப்பாவின் தோல்பட்டிக்கு விளக்கம் அதுவே.

1908இல் ஒஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபோது துருக்கி மக்கள் ஒஸ்திரியப் பொருட்களைப் பகிஷ்கரித்தனர். அப்போதுதான் தமது தலையிலிருக்கும் தேசியச் சின்னமே ஒஸ்திரியச் சரக்கு என்பது பலருக்கு உறைத்தது. இஸ்தான்புல் வீதிகளில் மக்கள் சிவப்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு வேறு தொப்பிகளைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

இலங்கைக்கு இத்தொப்பி வந்து பரவிய கதை நம்மில் பலருக்கு ஓரளவு தெரிந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் இந்நாட்டுச் சோனகரைப் பாருங்கள். மழித்த தலையில், பல நிற நூல்களால் இழைத்த, உயர்ந்த, விளிம்பில்லாத தொப்பி இருக்கும். துருக்கித் தொப்பி அதன்பின் வந்தது. 1882 செப்டம்பரில் தெல் அல் கபீர் போரில் பிரித்தானியரிடம் தோற்ற அஹ்மத் ஒராபி பாஷா, தம் தோழர் அறுவருடன் 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். முதலில் கொழும்பிலும் பின்னர் கண்டியிலுமாக 1901 வரை இங்கே வாழ்ந்தார். கோட்டும் காற்சட்டையும் சப்பாத்தும் சிவப்புத் தர்பூஷுமாக வந்த அந்தப் பாஷாக்கள், படித்த முஸ்லிம் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஓர் உருவத்தை நம்மவருக்குக் காட்டினார்கள். ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று அஞ்சிய காலம் அது. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, அந்த அச்சத்தோடு போராடிக்கொண்டிருந்தார். 1892இல் மருதானையில் ஸாஹிரா உதயமானபோது சித்திலெப்பை, ஒராபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் மூவருடைய பங்கும் அதில் இருந்தது.

எனவே நம் தலையில் அமர்ந்த இந்தத் தொப்பி வெறும் பெஷன் அல்ல. கோட்டுப் போடலாம், ஆங்கிலம் படிக்கலாம், ஆனாலும் முஸ்லிமாகவே இருக்கலாம் என்ற புதிய நம்பிக்கையின் சின்னம் அது. அந்த நம்பிக்கை நீதிமன்ற வாசலில் தடுக்கப்பட்ட நாள் 1905 மே 2.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எம்.சி. அப்துல் காதர் இந்நாட்டின் முதலாவது முஸ்லிம் அத்துவக்காத்து. அன்று உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் பீட்டர் லேயார்டின் முன்னிலையில் அவர் துருக்கித் தொப்பியுடன் எழுந்து நின்றார். காலில் சப்பாத்தும் இருந்தது. பிரதம நீதியரசர் ஆட்சேபித்தார். அவருடைய வாதம் எளிமையானது. ஐரோப்பியன் மரியாதை செய்வதற்குத் தொப்பியைக் கழற்றுகிறான். கீழைத்தேயத்தவன் மரியாதை செய்வதற்குப் பாதணியைக் கழற்றுகிறான். நீர் இரண்டில் ஒன்றைச் செய்யவேண்டும்: தொப்பியைக் கழற்றும், அல்லது சப்பாத்தைக் கழற்றும். அப்துல் காதர் இரண்டையும் கழற்றாமல் மன்றத்தைவிட்டு வெளியேறினார்.

மேலோட்டமாகப் பார்த்தால் லேயார்டின் பேச்சில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. தொப்பியைக் கழற்றினால் நீ எங்களைப்போல ஆகிவிட்டாய். சப்பாத்தைக் கழற்றினால், எல்லோரும் சப்பாத்தோடு நிற்கும் சபையில் நீ மட்டும் வெறுங்காலோடு, ஒரு படி கீழே நிற்கிறாய். உன் மார்க்கத்துடனும் சம அந்தஸ்துடனும் ஒரேசமயத்தில் நிற்க உனக்கு இங்கே இடமில்லை. அந்த இளம் சட்டத்தரணி அதைக் கணப்பொழுதில் புரிந்துகொண்டார் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

இந்தச் சப்பாத்துப் பிரச்சினை லேயார்ட் கண்டுபிடித்தது அல்ல. இந்தியாவில் அது பழைய விவகாரம். ஐரோப்பிய மாதிரிப் பாதணி அணியும் இந்தியர்கள் உத்தியோகபூர்வ வைபவங்களுக்கு அதோடு வரலாம் என்று 1854இல் இந்திய அரசாங்கம் இணங்கியது. நாட்டுச் செருப்பு அணிபவர் கழற்றத்தான் வேண்டும். 1862இல் சூரத் நீதிமன்றத்தில் மானெக்ஜி கோவாஸ்ஜி என்ற பார்ஸி கனவான் பாதணியைக் கழற்ற மறுத்தது பெரிய சர்ச்சையாயிற்று. காலில் இருப்பது எந்த நாட்டுத் தோல் என்பதே மரியாதையைத் தீர்மானித்தது!

பர்மாவிலோ கதை தலைகீழ். மண்டலேயில் மிண்டோன் மன்னரின் சபைக்கு வரும் எவரும் பாதணியைக் கழற்றித் தரையில் அமரவேண்டும். பிரித்தானியப் பிரதிநிதிகளும் நெடுங்காலம் அப்படித்தான் செய்தார்கள். 1875இல், இனிமேல் எங்கள் பிரதிநிதி சப்பாத்தைக் கழற்றமாட்டார் என்று இந்திய அரசாங்கம் அறிவித்தது. மன்னரும் விட்டுக்கொடுக்கவில்லை, அதன்பின் பிரித்தானியப் பிரதிநிதியை நேரில் சந்திக்கவே இல்லை. கீழைத்தேய வழக்கப்படி சப்பாத்தைக் கழற்றுவதே மரியாதை என்று கொழும்பில் போதித்தவர்கள், கீழைத்தேயத்து அரசன் கேட்டபோது கழற்ற மறுத்தவர்கள்.

இன்னொரு சம்பவம். 1893 மே மாதம் தென்னாபிரிக்காவின் டர்பன் நகர நீதிமன்றத்தில், அப்போதுதான் கப்பலால் இறங்கி வந்திருந்த காந்தியைப் பார்த்துத் தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதவான் சொன்னார். காந்தியும் மறுத்து வெளியேறினார். அங்கேயிருந்த வழக்கத்தை அவருக்கு விளக்கியவர் அவரை வேலைக்கு அழைத்திருந்த வியாபாரி தாதா அப்துல்லாஹ். முஸ்லிம் உடையில் வருபவர் தலைப்பாகையோடு இருக்கலாம். மற்ற இந்தியர் கழற்றவேண்டும். அதே பேரரசு, அதே நீதி. டர்பனில் முஸ்லிமுக்குக் கொடுத்த சலுகையைப் பன்னிரண்டு வருடங்களின் பின் கொழும்பில் மறுத்தது. மறு ஆண்டில் நேட்டால் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தபோது காந்தி தலைப்பாகையைக் கழற்ற இணங்கினார். தாதா அப்துல்லாஹ்வுக்கு அது பிடிக்கவில்லை.

அப்துல் காதர் இணங்கவில்லை. அவருக்குப் பின்னால் சமூகம் திரண்டது. இதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் சித்திலெப்பையின் வழிவந்த ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். சோனகரின் பூர்வீகம்பற்றிச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் படித்த கட்டுரைக்கு, 1907இல் மறுப்பு நூல் வெளியிட்டவர் இவரே. 1905 டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் மாபெரும் கூட்டம் ஒன்று நடந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த முஸ்லிம்கள் முப்பதினாயிரம் பேர் என்று எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து மௌலவி ரபீஉத்தீன் அஹ்மத் என்ற பாரிஸ்டர் வந்து உரையாற்றினார். விக்டோரியா மகாராணிக்கு உருது கற்பித்த முன்ஷி அப்துல் கரீமின் நெருங்கிய நண்பர் இவர். அதனாலேயே இலண்டன் அரண்மனை உத்தியோகத்தரின் சந்தேகப் பார்வைக்கு ஆளானவர்.

இலங்கை முஸ்லிம்கள் ஓர் உரிமைக்காக நாடளாவிய ரீதியில் ஒன்றுகூடியது ஏறக்குறைய அதுவே முதற்றடவை எனலாம். கல் எறியவில்லை, கடை எரிக்கவில்லை. தீர்மானம் நிறைவேற்றினார்கள், மன்னருக்கும் அரசாங்கத்துக்கும் மனு எழுதினார்கள். முடிவில் முஸ்லிம் சட்டத்தரணிகள் தொப்பியும் சப்பாத்துமாகவே மன்றில் தோன்ற வழி பிறந்தது. அதன்பின் ரி.பி. ஜாயாவும் சேர் ராஸிக் பரீதும் அதே தொப்பியோடு நாட்டின் சட்டசபைக்குள் நடந்துபோனார்கள். அதைக் கழற்றும்படி சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை.

இனி என் பேரனின் கேள்விக்கு வருகிறேன். கொழும்பில் வென்ற தொப்பிக்கு இருபது வருடத்துக்குள் அதன் சொந்த நாட்டிலேயே கேடு வந்தது. 1925 நவம்பர் 25ஆம் திகதி துருக்கிப் பாராளுமன்றம் தொப்பிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐரோப்பியத் தொப்பியே தேசத்தின் தொப்பி. அதற்கு மாறான பழக்கம் தடை. முஸ்தபா கமால் அதற்குச் சில மாதங்கள் முன்னரே கஸ்தமோனு நகருக்குப் பனாமாத் தொப்பியோடு போய் மக்களைத் தயார்படுத்தியிருந்தார். எர்ஸுரூம், ரிஸே முதலிய இடங்களில் எதிர்ப்புக் கிளம்பியது. தூக்குத் தண்டனைகள் விதிக்கப்பட்டன. இஸ்கிலிப்லி ஆதிஃப் என்ற ஆலிம், ஐரோப்பியரைப் பின்பற்றுவதற்கும் அவர்களது தொப்பிக்கும் எதிராக ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அது வெளிவந்தது 1924இல். சட்டம் வந்தது 1925இல். ஆயினும் 1926 பெப்ரவரி 4ஆம் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

1829இல் இந்தத் தொப்பியைப் போடு என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியபோது அது நவீனம். 1925இல் கழற்று என்று கட்டாயப்படுத்தியபோது அது பத்தாம்பசலி. நூறு வருடத்துக்குள் ஒரே தொப்பி, ஒரே நாட்டில் இரண்டு வேடம் போட்டது. 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 174ஆம் உறுப்புரை அந்தத் தொப்பிச் சட்டத்துக்குப் பாதுகாப்பளிக்கிறது என்றால், தலையில் இருப்பதற்கு அரசுகள் எவ்வளவு அஞ்சுகின்றன என்பது விளங்கும்.

1932 ஒக்டோபர் 29ஆம் திகதி அங்காராவில் குடியரசு தின விருந்து. எகிப்தியத் தூதுவர் தம் நாட்டு உத்தியோக உடைப்படி தர்பூஷ் அணிந்து வந்திருந்தார். அதைக் கழற்றும்படி முஸ்தபா கமால் அவரிடம் கூறினார். தூதுவர் விருந்தைவிட்டு வெளியேற, இரு நாடுகளுக்குமிடையே மனக்கசப்பு உண்டாயிற்று. பிரதம நீதியரசர் லேயார்டின் வேலையை இந்தமுறை ஒரு முஸ்லிம் நாட்டின் தலைவரே செய்தார். அந்த எகிப்திலும் 1952 புரட்சிக்குப் பின், பாஷாக்களின் காலத்துச் சின்னம் என்று தர்பூஷ் கைவிடப்பட்டது. இங்கோ நம் மாப்பிள்ளைமார் இவற்றையெல்லாம் அறியாமல், தம் கல்யாண நாளில் செக்கோஸ்லோவாக்கியாத் தொப்பியைத் 'துருக்கி' என்று பெருமையோடு அணிந்துகொண்டிருந்தார்கள்.

நான் படிப்பித்த காலத்தில், ஒருமுறை ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் அரசியல் பேசும்போது 'தொப்பி பிரட்டிகள்' என்று ஒரு சொல்லை விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கிருப்பதை அவர் மறந்திருக்கவேண்டும். நினைவு வந்ததும் முகம் கறுத்து, "உங்களச் சொல்லேல்ல சேர்" என்றார். நானும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அந்தச் சொல் பல வருடங்கள் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. அன்று எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்: தொப்பியைப் பிரட்டியவர்கள் சுல்தான்களும் ஜனாதிபதிகளும் நீதியரசர்களும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர், ஒரு தொழிலையே பணயம் வைத்து, பிரட்டாமல் நின்றார்.

அந்த யாழ்ப்பாணத்தை நினைக்கும்போது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். உடுத்த உடையோடு போனவர்கள் அலுமாரிக்கு மேலிருந்த தகரப்பெட்டியை எடுத்திருப்பார்களா? எத்தனை காவின் கடதாசி, எத்தனை கல்யாணப் படம், எத்தனை சிவப்புத் தொப்பி அங்கே போயிருக்கும்! அந்தத் தொப்பிக்காக எழுந்து நின்றவரின் ஊரிலேயே அதற்குச் சாட்சி சொல்லப் பொருள் மிஞ்சவில்லை.

2019 ஏப்ரல் 21இன் கொடூரத்துக்குப் பிறகு, முகத்தை மூடுவதைத் தடுக்கும் அவசரகால ஒழுங்குவிதி வந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் அவசரகாலம் முடிய அதுவும் காலாவதியானது. அந்த மாதங்களில், தலையை மட்டும் மூடியிருந்த நம் பெண்களும் சில வாசல்களில் நிறுத்தப்பட்டார்கள். விதி சொன்னது முகத்தை. வாசலில் நின்றவர் கண்டது தலையை. எதைக் கழற்றவேண்டும், யார் அதைச் சொல்வது என்ற கேள்வி நம்மை இன்னும் விடவில்லை. மார்க்கம் தொப்பியில் இல்லை என்பதை நானும் அறிவேன். அதன் பிறப்பையும் பயணத்தையும் பார்த்தபின் அதைப் புனிதப்படுத்தவும் மனம் வரவில்லை. ஆனால், விரும்பிக் கழற்றுவதும் பிறர் ஆணையிட்டுக் கழற்றுவதும் ஒன்றல்ல. 1905இல் நம் முன்னோர் போராடியது இந்த வித்தியாசத்துக்காகவே.

தொப்பியைத் தூசு தட்டிப் புதுத் தாளில் சுற்றி, பேரனிடமே கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். இறக்கிப் பாருங்கள். தோல்பட்டியைப் புரட்டி எழுத்தை வாசியுங்கள். படத்தின் பின்னால் பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.